பால்டிமோரில் ஜானி எக்கைத் தேடிப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு வருகிறவர்களில் பலர் துறைமுகத்தையும் எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கல்லறையையும் பார்த்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். கிழக்குப் பக்கத்துச் செங்கல் வரிசை வீடுகளுக்கு ஒரு பிற்பகலை ஒதுக்குவது நல்லது. சைட்ஷோ கொட்டகைகளில் (விசித்திர உடலமைப்பு உள்ளவர்களைக் காசு வாங்கிக் காட்டும் காட்சிகளில்) 'அரை மனிதன்' என்று காட்டப்பட்ட ஜானி எக் (1911–1991) வாழ்ந்த பகுதி அது.

இடுப்புக்குக் கீழே வளர்ச்சியில்லாமல் பிறந்தவர்; உயரம் சுமார் 18 அங்குலம். கைகளால் நடந்தார். 1937இல் ராஜா ராபாய்ட் என்ற மந்திரவாதியுடன் (பெயர்தான் ராஜா, ஆள் அமெரிக்கர்) அவர் செய்த, ஆளை ரம்பத்தால் இரண்டாக அறுக்கும் வித்தை பெரும் பேர் வாங்கியது. ஜானியின் இரட்டைச் சகோதரர் ராபர்ட்டுக்கு முழு உடல். முகம் அச்சு அசல் ஜானிதான். அவர் பார்வையாளர்போல மேடையேறுவார். அவர் இடத்தில் சத்தமில்லாமல் ஜானி வந்துவிடுவார். அவருக்குக் கால்களாக இருப்பவர், மார்புவரை கால்சட்டை மாட்டிய குள்ள நடிகர். ரம்பம் ஓடி முடிந்ததும் கால்கள் எழுந்து ஓடும், ஜானி கைகளால் துரத்துவார். அரங்கில் அலறல்.

ஆனால் அவரது கைத்திறமையை ஓவியத்தில்தான் பார்க்க வேண்டும். அவர் வரைந்தது ஜன்னல் கொசுவலைகளில். இந்தக் கலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் வில்லியம் ஒக்டவெக் என்ற செக் மளிகைக்காரர். 1913இல் வெயிலில் காய்கறி வாடுகிறதென்று சரக்கை உள்ளே வைத்துவிட்டு, கடைக்கதவு வலையில் காய்கறிகளை வரைந்தார். தெருவோடு போகிறவர்கள் வீட்டுக்குள் பார்ப்பது பிடிக்காத பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் தன் ஜன்னலுக்கும் அப்படி ஒன்று கேட்டார். தெரு முழுக்கப் பரவியது அதன் பிறகுதான்.

படம் வெளிப்பக்கம் மட்டும். வெயில் சாயத்தில் பட்டுத் திரும்புவதால் தெருவிலிருந்து ஓவியம் தெரியும். அறை இருட்டாக இருப்பதால் உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெருதான் தெரியும். இரவில் விளக்குப் போட்டால் கதை தலைகீழ். முதலில் வலையைக் கழுவிக் காயவைத்து அடிப்பூச்சு கொடுப்பார்கள். பிறகு தூரிகையில் சாயம் மிகக் குறைவாகத் தொட்டுக் கம்பியின்மேல் மட்டும் படியவைக்க வேண்டும். சாயம் தாராளமானால் வலையின் கண்கள் (துளைகள்) அடைந்துவிடும். காற்றும் வராது, வெளியேயும் தெரியாது. அடைந்த கண்ணை ஈரம் காய்வதற்குள் காய்ந்த தூரிகையால் குத்தித் திறக்க வேண்டும்; காய்ந்துவிட்டால் பெரும்பாடு.

பார்க்கக் கோடைதான் சரி. குளிர்காலத்தில் பல வீடுகளில் வலையைக் கழற்றிவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில், எதிர்ச் சாரி நடைபாதையில் நின்று பாருங்கள். கிட்டே போனால் வெறும் புள்ளிகள். சிவப்புக் கூரை வீடு, குளம், அன்னம்: அதிகம் திரும்பத் திரும்ப வரைந்த காட்சி இதுதான். ஏர் கண்டிஷனர் வந்து ஜன்னல்கள் மூடப்பட்டபின் இந்த ஓவிய வலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. தெருவில் கிடைக்காவிட்டால் அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியம் போகலாம். முறையாக ஓவியம் கற்காதவர்களின் படைப்புகளுக்காகவே ரெபேக்கா ஹாஃப்பர்கர் என்ற பெண்மணி 1995இல் திறந்தது. வலை ஓவியங்களும் உண்டு. நுழைவுக் கட்டணம் உண்டு.

ஜானியும் ராபர்ட்டும் கிரீன் மவுண்ட் இடுகாட்டில் இருக்கிறார்கள். நெப்போலியனின் தம்பி ஜெரோமை 1803இல் மணந்து, பேரரசர் அந்தத் திருமணத்தை ஏற்காததால் தனித்து நின்ற பெட்சி பேட்டர்சன் போனபார்ட்டின் கல்லறையும் அங்கேதான். வாயில் எப்போதும் திறந்திருக்காது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பால்டிமோர் கலை அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லை. திங்களும் செவ்வாயும் விடுமுறை. அங்கே கோன் சகோதரிகளின் சேகரிப்பு மட்டும் பார்த்தாலே போதும். மூத்தவர் கிளாரிபெல் மருத்துவர், இளையவர் எட்டா. பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸைப் பாரிஸில் பலர் கேலி செய்த நாளிலேயே அவர் படங்களை வாங்கத் தொடங்கியவர்கள். இருவரும் சேர்த்தவற்றில் மாத்தீஸ் படைப்புகள் மட்டும் சுமார் 500. கிளாரிபெல் 1929இல் இறந்தபோது, நவீன ஓவியத்தை ரசிக்க ஊர் பழகினால் மட்டும் சேகரிப்பை இங்கே கொடுக்கலாம் என்ற பொருளில் உயில் எழுதியிருந்தார். ஊர் பழகிவிட்டதென்று எட்டா நினைத்திருக்க வேண்டும். 1949இல் எல்லாம் அருங்காட்சியகத்துக்கே வந்தது.