மார்க்கர் ஓவியத்தின் மேல் வண்ணக் கோடுகள்

ஒரு பறவையின் இறகுகளை நீல ஃபைன்லைனரால் (மெல்லிய முனைப் பேனாவால்) நுணுக்கமாகக் கோடிட்டுவிட்டு, அதன்மேல் வெளிர் மஞ்சள் ஆல்கஹால் மார்க்கரை ஓட்டினேன். கோடுகள் கரைந்து பறவையின் மார்பு பச்சையாயிற்று. போதாததற்கு, மார்க்கரின் முனையும் அந்த நீலத்தை உறிஞ்சிக்கொண்டது. அதுவரை நிறத்தை மட்டும் பார்த்துப் பேனா வாங்கிக்கொண்டிருந்த நான், அன்றிலிருந்து மையின் தன்மையை முதலில் பார்க்கத் தொடங்கினேன்.

ஆல்கஹால் மார்க்கரின் மை, தனக்கு முன்னால் தாளில் இருக்கும் பல மைகளையும் கரைக்கக்கூடியது. சாயத்தால் ஆன மை பெரும்பாலும் அதனோடு சேர்ந்து ஓடிவிடும். நிறமித் துகள்களால் ஆன மை, நன்றாக உலர்ந்திருந்தால், இருந்த இடத்திலேயே நிற்கும். பேனாவின் மேல் 'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்: நீரில் கரையாத பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் எளிதாகக் கரைந்துவிடுகிறது. சகுராவின் பிக்மா மைக்ரான், காப்பிக் மல்டிலைனர், ஃபேபர்-காஸ்டெலின் பிட் பேனா ஆகிய மூன்றும் நிறமி மை கொண்டவை. கறுப்பைத் தவிர வேறு நிறங்களிலும் கிடைப்பவை. கோட்டின் தடிமனைக் காட்டும் அளவு எண்களில் மட்டும் சிறு குழப்பம் உண்டு. மைக்ரானில் 05 என்பது 0.5 மி.மீ. அன்று, 0.45 மி.மீ.; 005 என்பது 0.20 மி.மீ. கண்ணிமை, இலை நரம்பு போன்றவற்றுக்கு நான் 005-ஐயே எடுக்கிறேன், ஆனால் அதன் முனை அழுத்தம் தாங்காது.

நிறத்தைத் தேர்வதில்தான் உண்மையான சுவை இருக்கிறது. கறுப்புக் கோடு எல்லாவற்றையும் வேலி போட்டு அடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். மென்மையான முகத்துக்குச் செப்பியா என்னும் கரும்பழுப்பும், இலைகளுக்கு ஆலிவும், மேகத்துக்குச் சாம்பலும் இட்டால், கோடு தனியே துருத்தி நிற்காமல் வண்ணத்தின் விளிம்பாகவே மாறிவிடும். நிரப்பிய வண்ணத்தைவிட இரண்டு மூன்று படிகள் அடர்ந்த, அதே குடும்பத்து நிறத்தை எடுப்பது என் வழக்கம். ஒரே படி மட்டும் அடர்ந்திருந்தால், மார்க்கரை இரண்டாம் முறை பூசியதும் வண்ணம் ஆழமாகிக் கோடு காணாமல் போய்விடுகிறது. ஒளி விழும் பக்கம் வெளிர்ந்த கோடும் நிழற்பக்கம் அடர்ந்த கோடும் இட்டால், உருவம் தானாகவே திரண்டு தெரியும்.

சாய மை கொண்ட ஃபைன்லைனர்களை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. மார்க்கர் வேலை முழுவதும் முடிந்து தாள் உலர்ந்த பிறகு, அவற்றால் துணியின் நெசவையும் முடியிழைகளையும் வரைந்துகொள்ளலாம். ஆனால் ஈரம் இருக்கும்போது வரைந்தால் கோடு இருபுறமும் கசிந்து பரவும். அவற்றின் நிறம் வெயிலில் வெளிறக்கூடும் என்பதால், சுவரில் மாட்டவிருக்கும் படத்தில் மட்டும் தவிர்க்கிறேன். வெள்ளை ஜெல் பேனாவின் இடம் எப்போதுமே கடைசிதான். கண்மணியில் அந்த ஒரு புள்ளியை வைத்த பிறகு அதன்மேல் மார்க்கரைக் கொண்டுபோனால், புள்ளியும் கலங்கும், முனையும் அழுக்காகும்.

புதிய பேனா எதையும் இப்போது நேரே படத்தில் இறக்குவதில்லை. அதே தாளின் துண்டொன்றில் கோடிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கோட்டின் பாதியில் மட்டும் நிறமற்ற பிளெண்டரை (வண்ணம் இல்லாத ஆல்கஹால் மார்க்கரை) ஓட்டி, மறுபாதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்; பேனாவின் பெயரை அருகில் எழுதி அந்தத் துண்டையும் பேனாப் பெட்டியிலேயே போட்டுவைக்கிறேன்.