ஜன்னல் திறக்காத வீட்டுக்குக் காற்று: மின்சாரம் குறைவாக இழுக்கும் ஒரு காப்பகம் கட்டிய கணக்கு

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள் இரவில் ஜன்னலைத் திறந்து வைக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் என்றால் பகலிலும் திரையை விலக்க மாட்டார்கள். 12 அறைகள் கொண்ட காப்பகத்துக்கு முதலில் வரைந்த படத்தில் நாங்கள் கோட்டை விட்டது இதைத்தான். ஜன்னல் வழிக் காற்றோட்டத்தை நம்பியே மின்செலவைக் கணக்கிட்டிருந்தோம். பல வருடம் காப்பகம் நடத்தியவர்கள் படத்தைப் பார்த்த அன்றே அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே காற்றை இயந்திரம்தான் தர வேண்டும். வெளியேறும் காற்றின் சூட்டையோ குளிர்ச்சியையோ உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிவிடும் வகையை எடுத்தோம். ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கட்டில் அறைக்கு 16 லிட்டர் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரு தாய் நான்கு பிள்ளைகளோடு வந்து சேர்வார். அறைக்கு 40 லிட்டர் வேண்டும். அந்த அளவை 125 மி.மீ. குழாயில் அனுப்பினால் காற்றின் வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டி 'உஸ்' என்று இரையும். 160 மி.மீ. குழாயில் 2 மீட்டர்தான், சத்தம் அடங்கிவிடும். காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தே பழகியவர்கள் தூங்கும் அறை அது. அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டும்போது மட்டும் விசிறி வேகமெடுக்கும். மற்ற நேரம் மெதுவாக ஓடும்.

வழக்கமாகக் கதவுக்கு அடியில் இடைவெளி விட்டுத்தான் காற்றை வெளியேற்றுவார்கள். இங்கே அது ஆகாது, பேச்சும் அழுகையும் அதே வழியாக வெளியே போய்விடும். அறையில் விடும் காற்றை அந்த அறையின் குளியலறையிலிருந்தே உறிஞ்சிக்கொண்டு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை அடித்தோம். அறைகளை இணைக்கும் குழாய்களில் சத்தம் அடக்கும் பெட்டி தனியாக வேண்டும். இதை விட்டால் பக்கத்து அறைப் பேச்சு குழாய் வழியே தெளிவாகக் கேட்கும்.

காற்றுக் கசிவுச் சோதனையை ஜிப்சம் போர்டு அடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், பிறகு ஓட்டை கையில் அகப்படாது. உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வைத்தால், கசிவால் கட்டடத்தின் மொத்தக் காற்று மணிக்கு 0.6 முறைக்கு மேல் மாறக் கூடாது என்பது எங்கள் இலக்கு. முதல் சோதனையில் 1.4 வந்தது. புகைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகப் போனால், ஜன்னல் ஓரமெல்லாம் சரியாகவே இருந்தது. கேமராவுக்கும் கதவு அலாரத்துக்கும் பின்னால் துளை போட்ட இடங்களில்தான் புகை சுருண்டது. குழாயைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள். ஒயர் போகும் குழாயின் உள்வாயை அடைக்கவில்லை. அதைச் சீலன்ட் வைத்து அடைத்த பிறகுதான் 0.6க்குள் வந்தது. பாதுகாப்புக் கருவி பொருத்துபவரைச் சுவர் எழும்பும்போதே கூப்பிட்டுவிடுங்கள்.

வெந்நீரில் குழந்தைகளின் குளியல் நேரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். சாயங்காலம் ஒரே மணி நேரத்தில் 20 பேர், ஆளுக்கு 40 டிகிரியில் 50 லிட்டர், ஆக 1000 லிட்டர். 15 டிகிரி தண்ணீரோடு 60 டிகிரி வெந்நீரைக் கலந்தால் தொட்டியிலிருந்து ஏறக்குறைய 560 லிட்டர் போகும். 600 லிட்டர் தொட்டி வைத்து, ஹீட் பம்ப்பை (வெளியிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் இயந்திரம்) பகலிலேயே ஓடவிட்டோம். தொட்டியில் 60 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது, லெஜியோனெல்லா கிருமி வளரும். குழாய்முனையில் கை சுடாமலிருக்கக் கலப்பு வால்வு போட்டோம்.

ஆள் நடமாட்டம் கண்டு சட்டென்று எரியும் விளக்கு சிக்கனம்தான். ஆனால் இருட்டு நடைவழியில் அது ஆளைத் திடுக்கிட வைக்கும். 10 சதவீத வெளிச்சம் எப்போதும் இருக்கட்டும், ஆள் வந்தால் மூன்று நான்கு நொடியில் மெல்லக் கூடட்டும். இதனால் கூடும் மின்செலவு சொற்பம்.

சோலாரில் இரண்டு விஷயம். பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர், மின்தடை வந்ததும் வெயில் இருந்தாலும் தானே நின்றுவிடும். கதவுப் பூட்டு, கேமரா, நடைவழி விளக்கு, குறைந்த வேக விசிறி எல்லாம் சேர்த்து 400 வாட் என்றால், 10 மணி நேரத்துக்கு 4 யூனிட். அதனால் 5 யூனிட் பேட்டரி. அடுத்து, உற்பத்தியைக் காட்டும் செயலியில் கட்டடத்தின் முகவரியும் வரைபடமும் பதிவாகிவிடலாம். நிறுவும் அன்றே அதை அணைத்து, அளவீட்டை இணையத்துக்கு அனுப்பாமல் கட்டடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள். காப்பகத்தின் முகவரி கசிய வில்லங்கமான ஆள் தேவையில்லை, ஒரு செயலி போதும்.

காற்று இயந்திரத்தை வெளியிலிருந்து திறக்கும் தனி அறையில் வைத்தோம். ஃபில்டர் மாற்ற வருபவர் யாருடைய அறைக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.