ஏசிக்கு ஸ்டார் இருக்கு, வீட்டுக்கு?

போன சித்திரையில் ஒரு நாள், இரவு ஏழரை மணி. வெயில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாடி அறையில் கட்டில் மேல் ஏறி நின்று, உள்கூரையை நோக்கி வெப்பமானியைப் பிடித்தேன். 41 டிகிரி காட்டியது. கீழே அம்மா அறைக் கூரையில் 34. இரண்டு அறையும் 12-க்கு 12 அடி. இரண்டிலும் இருப்பது ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாடல், ஒன்றரை டன், அஞ்சு ஸ்டார் ஏசி.

இரண்டுக்கும் தனித்தனியாக சப் மீட்டர் மாட்டி, பத்து நாள் எழுதி வைத்தேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, இரண்டும் 24-ல். அம்மா அறை ஓர் இரவுக்கு 4 யூனிட்டை ஒட்டியே ஓடியது. மாடி அறை 7-க்குக் கீழே இறங்கவே இல்லை; ஒரு நாள் 8 தொட்டது.

நான் பாளையங்கோட்டையில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறவள். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் முதலில் வாஸ்து கேட்பார்கள், பிறகு கார் உள்ளே நிற்குமா என்று கேட்பார்கள். கரண்டைப் பற்றி நான் பேச்செடுத்தால், "அதுக்கென்னம்மா, அஞ்சு ஸ்டார் ஏசியா பாத்துப் போட்டுக்கிட வேண்டியதுதானே" என்பார்கள். அந்தப் பதிலை நானும் பல வருஷம் ஏற்றுக்கொண்டிருந்தேன். சப் மீட்டர் நோட்டைப் பார்த்த பிறகு ஏற்க முடியவில்லை.

அந்த ஸ்டார் மெஷினுக்குக் கொடுத்த மதிப்பெண். வெளியே 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை எத்தனை மணி நேரம் இருக்கும் என்று நாட்டுக்கே பொதுவாக ஓர் அட்டவணை வைத்து, வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணை, அதாவது இழுக்கிற கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதை, எடுக்கிறார்கள். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருஷ யூனிட்டும் அந்த 1600 மணி நேரத்துக்குத்தான். ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம்கூட வராது. எங்கள் ஊரில் மாசிக் கடைசியில் போட ஆரம்பித்தால் இரவுக்கு எட்டு மணி நேரம், புரட்டாசி வரை. மணி நேரத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொள்ளலாம், அது பெரிய தப்பில்லை. அந்த ஸ்டிக்கருக்குள் கூரை என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். ஒரு டன் ஏசி என்றால், ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளுகிற மெஷின் என்று அர்த்தம். கிட்டத்தட்ட 3.5 கிலோவாட். 41 டிகிரியில் தகிக்கிற 12-க்கு 12 கான்கிரீட் கூரைக்குக் கீழே அறையை 24-ல் வைத்தால், கூரையிலிருந்து மட்டும் தோராயமாக 1.2 கிலோவாட் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்கு கூரைக்கே போய்விடுகிறது. சர்வீஸுக்கு வருகிற தம்பி ஒவ்வொரு கோடையிலும் மாடி ஏசியைத் திறந்து பார்த்துவிட்டு, "கேஸ் எல்லாம் கரெக்டா இருக்கு அக்கா. அறை குளிர மாட்டேங்கு, அதான் கம்ப்ரஸர் மூச்சு விடாம ஓடுது" என்பான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

வீடு கட்டும்போது கையில் காசு முடை. தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடித் தளத்துக்கு, தட்டோடு பதிக்கிற வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தது நான்தான். ஏழு கோடை அந்தத் தளம் மொட்டையாகவே வெந்தது.

வீட்டுக்கும் ஸ்டார் கொடுக்கிற திட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஏசி, ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் கொடுக்கிற அதே எரிசக்தி சிக்கன அமைப்புதான் நடத்துகிறது. ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்பது அளவுகோல். நல்ல தொடக்கம்தான். ஆனால் சதுர மீட்டரால் வகுக்கிற எந்தக் கணக்கிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. டவுனில் ஒரு வளவுக்குள் இருக்கிறாள் என் சித்தி மகள். வீடு மொத்தம் 45 சதுர மீட்டர். கைக்குழந்தைக்காக ஒரே ஒரு ஏசி. வருஷத்துக்கு 2400 யூனிட் ஆகிறது. வகுத்தால் 53. நான் பிளான் போட்ட ஓர் அண்ணாச்சி வீடு 250 சதுர மீட்டர், 6000 யூனிட். வகுத்தால் 24. இரண்டரை மடங்கு கரண்டு இழுக்கிற வீடு, காகிதத்தில் அவள் வீட்டைவிட இரண்டு மடங்கு நல்ல வீடாகத் தெரிகிறது. பெரிய வீட்டில் பட்டாசலுக்கும் தார்சாவுக்கும் ஏசி கிடையாது. அந்தப் பரப்பெல்லாம் சும்மா நின்றே வகுத்தலுக்கு உதவுகிறது. ஏசி ஓடுகிற அறையின் பரப்பைத் தனியாக வைத்து வகுத்தால்தான் நியாயம் கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது ஏசியே இல்லாத வீடு. இன்றைக்கு அதன் பில் 200 யூனிட்டுக்குள் முடியும். பில்லை வைத்து மதிப்பெண் போட்டால் அதுதான் முதல் மார்க். நான் போட்ட பிளான்களில் எத்தனையோ பேர், "நாங்க ஏசி எல்லாம் போட மாட்டோம்மா, காத்து நல்லா வரும்" என்று சொன்னவர்கள். இரண்டாவது சித்திரையில் சுவரை ஓட்டை போட்டு பைப் இறக்கியிருப்பார்கள். மகள் பேறுகாலத்துக்கு வந்திருப்பாள், அப்பாவுக்கு பிரஷர் இருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால் ஏசி இல்லாத வீட்டுக்கும், இருப்பதாகவே வைத்து, படுக்கையறையை 24-ல் வைத்தால் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்று எழுதியாக வேண்டும். 24 என்பது நானாக வைத்ததில்லை. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் ஏசிகள் போட்டதும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி.

வெப்பத்துக்கு ஓர் எண், அதை வெளியே தள்ள மெஷின் இழுக்கிற கரண்டுக்கு இன்னோர் எண். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நல்ல மெஷின் மோசமான கூரையை மூடி மறைத்துவிடும். எங்கள் பக்கம் வாடகைக்கு வருகிறவர்களே ஏசியைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகிறார்கள். மெஷின் லாரி ஏறிப் போனதும் வீட்டின் மதிப்பெண் மாறிவிடுமா? கூரை அங்கேயேதான் நிற்கிறது, அடுத்து குடிவருகிறவர் தலைக்கு மேலே.

கூரை, சுவர், ஜன்னலுக்கு மட்டுமான விதிகள் 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற, வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பில் இருக்கின்றன. கூரை வழியாக வெப்பம் கடக்கிற அளவு, அதாவது யூ மதிப்பு, 1.2-ஐத் தாண்டக் கூடாது. மொட்டைக் கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றுக்கு மேல். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்தால்கூட 1.2-க்குள் வராது என்பது கணக்குப் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. இடையில் வெப்பத்தைத் தடுக்கிற காப்புப் பலகை வைத்தால்தான் வரும்.

ஜன்னல் விதி எனக்கு இன்னும் பிடித்தது. எங்களைப் போல வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊருக்கு, தரைப் பரப்பில் 16.66 சதவீதம் திறக்கிற ஜன்னல் வேண்டும். 12-க்கு 12 அறைக்கு 24 சதுர அடி. ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் பாதிதான் திறக்கும், எனவே பாதியைத்தான் கணக்கில் எடுக்க முடியும். இப்போது எல்லோரும் கேட்பது ஸ்லைடிங்தான். ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று கயத்தாறு காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. அந்தக் காற்றில் ஏசி இல்லாமல் படுக்க எத்தனையோ ராத்திரி உண்டு. ஆனால் காற்றும் மேற்கே இருந்து, சாயங்கால வெயிலும் மேற்கே இருந்து. மேற்கில் ஜன்னலே வேண்டாம் என்று அடைத்துவிடுவது சுலபம். நான் அடைப்பதில்லை. இரண்டரை அடி சன்ஷேடும் கீல் வைத்த கதவும் போட்டு, காற்றை விட்டுவிடுகிறேன்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குக் கொடுக்கிற எரிசக்திச் சான்றிதழ்களில் கணக்கின் பெரும்பகுதியும் வீட்டைச் சூடாக்குவதைப் பற்றியே ஓடும். இங்கிலாந்தில் ஏ முதல் ஜி வரை தரம் போடுகிறார்கள். அங்கே அது சரிதான். இங்கே ஏசியை ஓர் ஓரத்துச் சாமானாக வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் காகிதத்தை நம்பி வீடு வாங்குகிறவருக்கு அது துரோகம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலை கூடுகிற ஊர் இது. மாடி அறை கூடுதலாகத் தின்கிற 3 யூனிட், அறுபது நாளில் 180 யூனிட். எங்கள் பில்லை அந்த 500 யூனிட் கோட்டைத் தாண்ட வைத்தது அதுதான்.

போன தையில் தட்டட்டியில் இரண்டு அங்குலக் காப்புப் பலகை விரித்து, மேலே கான்கிரீட் போட்டு, வெள்ளைத் தட்டோடு பதித்தேன். இப்போது ஒவ்வொரு பிளானிலும் கடைசித் தாளில், ஏசி உண்டோ இல்லையோ, ஒவ்வொரு படுக்கையறைக்கும் அந்த வெப்பக் கணக்கை எழுதிக் கொடுக்கிறேன். சிலர் அந்தத் தாளை மேஜையிலேயே விட்டுப் போகிறார்கள்.

இந்தச் சித்திரையில், அதே ஏழரை மணிக்கு, அதே கட்டில் மேல் நின்று பார்த்தேன். 35. மாடி அறை இப்போது இரவுக்கு 5 யூனிட்டுக்குள் ஓடுகிறது. சப் மீட்டரைக் கழற்றவில்லை. ஆடி முடிய எழுதிவிட்டு, நோட்டை முழுசாக இங்கே போடுகிறேன்.