களியக்காவிளைப் பக்கம் ஈஸ்டர்: வியாழன் மாலையே வந்துவிடுங்கள்

ஈஸ்டர் கொண்டாட்டம் பார்க்கக் குமரி மாவட்டத்தின் கேரள எல்லைப்புறத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அந்த நேரத்தில் கோயில் (இங்கே தேவாலயத்தை அப்படித்தான் சொல்வார்கள்) முற்றத்தில் பட்டாசுத் தாளைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். கொண்டாட்டத்தின் உயிர் அதற்கு முந்தைய இரவில் இருக்கிறது. அந்த இரவு மனதில் இறங்க வேண்டுமென்றால் வியாழன், வெள்ளியையும் கடந்து வர வேண்டும்.

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2027-இல் மார்ச் 28. தங்குவதற்கு மார்த்தாண்டம் வசதி, ரயிலுக்குக் குழித்துறை நிலையம். கத்தோலிக்கத்தின் இலத்தீன், மலங்கரை, சீரோ மலபார் பிரிவுகள், சீர்திருத்த சபையான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என எல்லாச் சபைகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் கேரளப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் கொண்டு கொடுத்த உறவும் திருநாளும் இன்றும் எல்லைக்கு இரண்டு பக்கமும்தான்.

பெரிய வியாழன் இரவு, கேரளப் பக்கத்து சிரியன் கிறிஸ்தவ வீடு யாராவது அழைத்தால் தவறவிடாதீர்கள். பெசகா (பாஸ்கா) அப்பம் செய்வார்கள். வறுத்த அரிசிமாவு இரண்டு கப், ஊறவைத்து அரைத்த உளுந்து அரை கப், தேங்காய்த் துருவல் ஒரு கப், கொஞ்சம் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம். கலந்ததும் ஆவியில் வைத்துவிட வேண்டும். அரைமணி நேரம் வேகும். புளிக்க விட்டால் அது பெசகா அப்பமே இல்லை, அது புளிப்பற்ற அப்பமாகத்தான் இருக்க வேண்டும். மேலே குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பெசகா பால். வெல்லப்பாகு ஆறிய பிறகே கெட்டிப்பாலை ஊற்ற வேண்டும், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். வீட்டின் மூத்தவர் ஜெபித்து, பிட்டு, வயது வரிசையில் கொடுப்பார். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்யும் வழக்கமில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வெள்ளறடைக் குருசுமலை. பத்துகாணியை ஒட்டி, சரியாக எல்லையில் நிற்கிற மலை. இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் 14 தலங்களிலும் நின்று சிலுவைப்பாதை ஜெபித்தபடி ஏறுவார்கள், சிலர் தோளில் மரச்சிலுவையோடு. விடியும் முன்பே ஏறத் தொடங்குங்கள்; பத்து மணிக்கு மேல் பாறை சுடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். உபவாசத்தோடு ஏறுகிறவர்கள் தண்ணீரையும் விட்டுவிடுவதால்தான் பாதி வழியில் தலைசுற்றி உட்காருகிறார்கள். திருச்சபை ஒழுங்கு அன்று ஒரு வேளை முழு உணவை அனுமதிக்கிறது, தண்ணீருக்குத் தடையே இல்லை. கோடைமழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். நனைந்த பாறையில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து, ஆகவே மதியத்துக்குள் கீழே வந்துவிடுங்கள். கீழே கஞ்சியும் பயறும் கிடைக்கும்.

சனி பகலில் பூசை கிடையாது. பீடத்தில் துணிகூட இருக்காது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நட்டாலம் இருக்கிறது, 1712-இல் தேவசகாயம் பிறந்த ஊர். கிறிஸ்தவரான அவர் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றார். வெறுமையான அந்த நாளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை.

இனி இரவு. இலத்தீன் கோயில்களில் திருவிழிப்பு எனப்படும் ஈஸ்டர் இரவு வழிபாடு பெரும்பாலும் 11 மணியளவில் தொடங்கும். பத்தரைக்கே போய்விடுங்கள், ஏனென்றால் தொடக்கம் கோயிலுக்கு வெளியே. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு முற்றத்தில் புதுத்தீ மூட்டுவார்கள். பாஸ்கா திரி எனப்படும் பெரிய மெழுகுதிரியில் குருவானவர் சிலுவை கீறி, மேலே அகரமும் கீழே னகரமும் எழுதி, நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களைப் பதிப்பார். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகள், ஐந்து காயங்களுக்காக. முன்னால் நின்றால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

திரி இருட்டுக்குள் நுழைகிறது. "கிறிஸ்துவின் ஒளி" என்று மூன்று முறை பாட்டு எழும். அந்த ஒரே சுடரிலிருந்து வரிசை வரிசையாகக் கைத்திரிகளுக்குத் தீ பரவும். இதில் ஒரு நுணுக்கம். எரிகிற திரியைச் சாய்க்கக் கூடாது, எரியாத திரியைத்தான் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு பக்கத்து ஆளின் கையில் ஊற்றும். காகிதக் கப்பின் அடியில் துளையிட்டுத் திரியைச் செருகிக்கொண்டால் காற்றிலும் அணையாது. கைபேசி விளக்கைத் தயவுசெய்து எரியவிடாதீர்கள், அந்த இருட்டு வேண்டியே உண்டாக்கப்பட்டது.

பிறகு பாஸ்கா புகழுரை, படைப்பிலிருந்து செங்கடல் வரை நீளமான வாசகங்கள். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், விடுங்கள். "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாட்டு தொடங்கியதும் வியாழன் முதல் ஊமையாகக் கிடந்த மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், பீடத் திரிகள் எரியும், பல ஊர்களில் உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கொடியோடு எழும்பும், வெளியே வெடி வெடிக்கும். தவக்காலம் முழுக்க வாயில் வராத அல்லேலூயா திரும்பி வரும். அழாமல் பாடுகிற பாட்டிமார் குறைவு. மந்திரித்த புதுத்தண்ணீருக்கு மூடியுள்ள பாட்டில் எடுத்துப் போங்கள்.

அந்தப் பாஸ்கா திரி ஈஸ்டர் காலம் முடியும் பெந்தெகோஸ்தே திருநாள் வரை பீடத்தருகே நிற்கும். அதன்பின் ஞானஸ்நானத் தொட்டியருகே போகும். பங்கில் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும்போதும், சவப்பெட்டி கோயிலுக்குள் வரும்போதும் அதே திரியைத்தான் ஏற்றுவார்கள்.

தூங்கப் போகாமல் இருக்க முடிந்தால், விடியும் முன்பு ஆராதனை வைக்கும் சி.எஸ்.ஐ. சபை ஒன்றுக்குப் போங்கள். நேரத்தை முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்" என்று ஒருவர் சொன்னால், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்ல வேண்டும். சில இடங்களில் ஆராதனை முடிந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். போன வருடம் அடக்கம் செய்த மண்மேட்டின் மேல் பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றி, சத்தமாகப் பாடுவார்கள். அதன்பிறகுதான் வீட்டில் ஆப்பமும் கோழிக்கறியும்.