ஓர் எழுத்தில் இடறியது

அந்தச் சிறுவனிடம் புத்தகத்தை நீட்டியது நான்தான், அவன் கேட்கவில்லை. ஏப்ரல் 30, மெக்சிகோவில் குழந்தைகள் தினம். அமெரிக்க நூலகங்களில் 1997 முதல் அதைப் புத்தகங்களின் நாளாகவும் கொண்டாடுகிறோம். கலிபோர்னியக் கவிஞர் ஃபிரான்சிஸ்கோ அலர்கோன், பாட்டி பாடிய பாடல்களை எழுதி வைக்கப் போய்க் கவிஞரானவர். அவர் 1997-இல் வெளியிட்ட இருமொழித் தொகுப்பை அன்றைக்கு எடுத்திருந்தேன். கம்பிச் சட்டத்தில் படர்ந்த தக்காளிச் செடி வசந்தத்திலேயே கிறிஸ்துமஸ் மரமாகிவிடும் கவிதை. மாயா கிறிஸ்டினா கொன்சாலஸ் வரைந்த தக்காளிகள் வாய்விட்டுச் சிரிக்கும்.

ஆங்கிலத்தை நான் படித்துவிட்டு, "ஸ்பானிஷை நீ படிக்கிறாயா?" என்று முன்வரிசையில் இருந்த அவனிடம் கேட்டேன். ஏன் அவனிடம்? அவனுடைய அபுவேலா, அதாவது பாட்டி, பின்னால் அமர்ந்து அவனுடன் ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருந்ததால் என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன் என்பதே உண்மைக்கு நெருக்கம். தலைப்பின் முதல் சொல், தக்காளிகளுக்கான ஸ்பானிஷ் சொல்; அதன் முதல் எழுத்தான j-க்கு ஸ்பானிஷில் 'ஹ' ஒலி. அவன் அதை ஆங்கிலம் போல "ஜிடொமேட்ஸ்" என்று படித்தான். இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னாலிருந்து, திருத்துவதாகக்கூடத் தோன்றாத தணிந்த குரலில், "ஹிதொமாதெஸ்" என்றார் பாட்டி. அவன் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டு, "எனக்கு இது படிக்கத் தெரியாது, மிஸ்" என்றான். கேட்டால் புரியும், படிக்க வராது; அப்படியொரு நிலை உண்டென்று எனக்குத் தெரியாதா? என் மகளுக்குத் தமிழில் தன் பெயருக்கு மேல் வாசிக்க வராது, ஆனால் அவளைப் பத்துப் பேர் நடுவில் யாரும் வாசிக்கச் சொன்னதில்லை.

இருமொழிப் புத்தகம் என்றால் இரண்டு மொழியும் காதில் விழ வேண்டும், என் உச்சரிப்பில் ஸ்பானிஷ் விழுவதைவிட ஒரு பிள்ளையின் வாயிலிருந்து விழுவது மேல் என்று நான் நினைத்ததில் தவறில்லை என்றே இன்றும் படுகிறது. 1998-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 227-ஆம் முன்மொழிவு இந்தக் கலிபோர்னியா மாநிலப் பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் முடக்கியது. அது 2016-இல்தான் நீக்கப்பட்டது. அவன் அம்மா இங்கே படித்திருந்தால் அந்தக் காலத்தில்தான் படித்திருப்பார். ஆனால் சட்டமா அவன் கையில் புத்தகத்தைத் திணித்தது?

பாட்டியிடமே கொடுத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அவருக்கும் வாசிக்க வருமா என்று நான் யோசிக்கவில்லை; யோசித்திருந்தால் அதுவும் இன்னோர் ஊகமாகத்தான் இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் "யாருக்குப் படிக்க விருப்பம்?" என்று பொதுவாகக் கேட்கிறேன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களே கை தூக்குகிறார்கள், அவனைப் போன்றவர்கள் படத்தைப் பார்த்தபடி பேசாமல் இருக்கிறார்கள். இது மரியாதையா, கைகழுவலா என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றே அந்தப் புத்தகத்தைப் பாட்டி இரவல் எடுத்துச் சென்றார். மூன்று வாரம் கழித்து, நூலகம் திறக்கும் முன்பே வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.