26ஏஎஸ் காட்டிக்கொடுத்த கமிஷன்

2025 ஜூன் மாதம் ஐடி ரிட்டர்ன் போடுவதற்காகத் தாராவி 90 அடி ரோட்டில் இருக்கும் அண்ணாச்சி ஆபீசுக்குப் போயிருந்தேன். ஆபீஸ் என்றால் மாடியில் ஒரே ஒரு அறை. இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். மழைக்காலத்தில் கைப்பிடி வழுக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் பலருக்கும் வரிக்கணக்கு பார்ப்பவர் அவர்தான்.

என் பான் நம்பரைப் போட்டு, என் பேரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் ஃபார்ம் 26ஏஎஸ்ஸைத் திறந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, இது எந்தக் கம்பெனி? 16,800 கமிஷன்னு காட்டி 336 ரூபா வரி பிடிச்சிருக்கான். நீ சொல்லவே இல்லையே?"

"பணம் வரவே இல்ல அண்ணாச்சி. அத அப்பவே தலைமுழுகியாச்சு."

சின்னக் கடைக்காரர்கள் சொந்தமாக வெப்சைட் போடுவது எப்படி என்று தமிழில் வீடியோ போடுகிறேன். என் லிங்க் வழியாக யாராவது ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைக்க இணையத்தில் வாடகை இடம், வாங்கினால் எனக்குக் கமிஷன். இதற்கு அஃபிலியேட் என்று பெயர். நான் சேர்ந்திருந்த கம்பெனி விற்பனைக்கு 1,200 ரூபாய் தருவதாகச் சொன்னது. நான் விசாரித்த மற்ற இடங்களில் அதில் பாதிதான். அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் சேர்ந்தேன், வேறு எதையும் படிக்கவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை 14 விற்பனை, எல்லாமே டேஷ்போர்டில் 'அப்ரூவ்டு' என்று பச்சையாக நின்றன. ஏப்ரலில் இன்னும் ஆறு. மாதக் கடைசியில் ஒரு மெயில்: என் டிராஃபிக், அதாவது லிங்க் வழியாக வரும் ஆட்கள், தரமற்றதாம், கணக்கை மூடுகிறார்களாம். பேலன்ஸ் சைபர். நாலு மெயில் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை.

அண்ணாச்சி சொன்ன விஷயம் எனக்குப் புதிது. கமிஷனுக்கு அப்போது வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவில் வரி பிடித்தார்கள். பணத்தைக் கொடுக்கும்போதோ, தங்கள் கணக்குப் புத்தகத்தில் நம் பேரில் வரவு வைக்கும்போதோ, எது முந்துகிறதோ அப்போது பிடித்துவிட வேண்டும். அந்த நிதியாண்டில் வரம்பு 15,000 ரூபாய், அதைத் தாண்டினால்தான் பிடிப்பு; விகிதம் 2 சதவீதம். 2024 செப்டம்பர் வரை அது 5 சதவீதமாக இருந்தது. மார்ச் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் மே 31. அதனால்தான் ஜூனில் என் 26ஏஎஸ்ஸில் வந்து நின்றிருக்கிறது.

"உனக்குத் தர வேண்டியது இல்லைன்னா எதுக்குடே உன் பேர்ல வரி கட்டுனான்?" என்றார்.

அன்று ராத்திரியே மெயில் எழுதினேன், இந்த முறை அஃபிலியேட் டீமுக்கு இல்லை, அவர்களின் கணக்குப் பிரிவுக்கு. 26ஏஎஸ் பக்கம், மார்ச்சில் எடுத்து வைத்திருந்த டேஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட், ஒரே ஒரு கேள்வி: இந்த வரவுக்கான பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு அனுப்பப்பட்டது? 19-ஆம் நாள் 16,464 ரூபாய் பேங்கில் விழுந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

ஏப்ரலின் ஆறு விற்பனை மட்டும் போனது போனதுதான். அது புது நிதியாண்டு, வரம்பு 20,000 ஆகிவிட்டது. 7,200 அதற்குள் அடங்கிப் போனதால் வரியும் பிடிக்கவில்லை, தடயமும் இல்லை. அந்த மாத ஸ்கிரீன்ஷாட்டையும் நான் எடுத்து வைக்கவில்லை.

அடுத்த கம்பெனியைத் தேட மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதலில் விதிமுறையில் கணக்கை மூடும் பகுதியைத்தான் தேடினேன். 'மூடினால் சேர்ந்த கமிஷன் முழுவதும் ரத்து' என்று இருந்த இரண்டை அங்கேயே விட்டேன். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கும் காலம் எத்தனை நாள், குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் அனுப்புவார்கள் என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

ஆனால் உண்மையில் காசு ஒழுகும் இடத்தைக் காட்டியது என் சித்தப்பா பையன். கடைக்கு வெப்சைட் வேண்டுமென்று என் பக்கத்தில் உட்கார்ந்தே என் லிங்கைத் தட்டினான். பணம் கட்டும் பக்கத்தில் 'கூப்பன் கோடு' என்று ஒரு காலிக் கட்டம். பார்த்ததும் கை நின்றது. இன்னொரு டேப் திறந்து கூப்பன் தேடினான். ஒரு சைட்டில் 'கோடைக் காட்டு' என்ற பட்டனை அமுக்கினான். கோடு வந்தது, கூடவே பின்னால் அதே ஹோஸ்டிங் பக்கம் அவர்கள் லிங்க்கோடு திறந்துகொண்டது. கடைசிக் கிளிக் யாருடையதோ அவர்களுக்கே கமிஷன் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. அந்தக் கோடு வேலைகூடச் செய்யவில்லை. முழு விலை கொடுத்தான், கமிஷன் கூப்பன் சைட்டுக்கு. அவனைத் திட்டவும் முடியாது, நானும் அப்படித்தான் வாங்குவேன்.

அதனால் கம்பெனிகளிடம் கேட்ட முதல் கேள்வி, என் பெயரில் தனிக் கூப்பன் கோடு தருவீர்களா என்பது. கோடு என் கணக்கோடு கட்டப்பட்டிருந்தால் கிளிக் எங்கே போனாலும் விற்பனை என்னுடையது. அடுத்தது குக்கி, அதாவது யார் லிங்கில் வந்தார் என்று வாங்குபவரின் பிரவுசரில் பதிந்து வைக்கும் சின்னக் குறிப்பு. 90 நாள் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் சஃபாரி பிரவுசரில், பக்கத்தின் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கி 7 நாளுக்கு மேல் நிற்காது. விற்பனையை வாங்குபவரின் பிரவுசரை நம்பாமல் உங்கள் சர்வர் பக்கமாகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவர்தான் கேள்வி புரிந்து பதில் எழுதினார். அமேசானில் 24 மணி நேரம்தான் என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் குறையில்லை, இருப்பதைத்தானே சொல்கிறார்கள்.

சோதனைக்கு ஒரு முறை வாங்கிப் பார்க்கலாமா என்றும் கேட்டேன். இதைக் கேட்காமல் செய்யக் கூடாது. அமேசான் போன்ற இடங்களில் சொந்த லிங்கில் நாமே வாங்குவது விதிமீறல். புரிந்து பதில் எழுதியவரே இதற்கும் அனுமதி தந்தார், அவர்களிடமே சேர்ந்தேன். விற்பனைக்கு 700 ரூபாய்தான். ஒவ்வொரு வீடியோவுக்கும் லிங்கின் வாலில் தனி அடையாளம் சேர்த்திருக்கிறேன். மாதக் கடைசி நாளில் டேஷ்போர்டைப் படம் பிடித்து அண்ணாச்சிக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுகிறேன்.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துகொள்ளச் சொன்னார் அண்ணாச்சி. காசு கிடையாது, ஆதாரும் பானும் போதும். பதிவான சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது, தராவிட்டால் அரசின் போர்ட்டலில் புகார் போடலாம். பழைய 7,200-க்கு அது உதவாது. வேலை நடக்கும் முன்பே பதிவு இருந்திருக்க வேண்டுமாம்.

பிடித்த 336 ரூபாயையும் ரீஃபண்டில் கேட்டுப் போட்டார் அண்ணாச்சி. ஆகஸ்டில் வந்தது.