மேட்டுப்பாளையத்தில் பூத்த சோலைப் பூ

சித்தப்பா போன் செய்தபோது நான் கணுக்காலில் உப்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். அட்டை விழுந்துவிட்டது, ரத்தம்தான் நின்றபாடில்லை.

"என்ன கண்ணு, அந்தப் பூவு நம்ம மேட்டுப்பாளையத்துலயே இருக்குதாமா? இந்தப் புள்ள போன்ல காட்டுது. எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அந்தப் பூவுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. குன்னூர்ப் பக்கம் ஒரு சோலையில் ஈரப்பாறையை ஒட்டி வளர்வது. காசித்தும்பை வகையறா, ஆனால் கட்டைவிரல் நகத்தளவுதான் பூ. மழை பிடித்தால் தலைகாட்டும், மழை விட்டால் ஆளைக் காணோம். எந்தச் சோலை என்று மட்டும் கேட்காதீர்கள்.

காலையில் பால் வாங்கத்தான் கிளம்பினேன். வழியில் மேகம் இறங்கியிருந்த அழகைப் பார்த்ததும் வண்டி தானாகத் திரும்பிவிட்டது. (வீட்டில் இதை நம்பவில்லை.) பூவைப் படம் எடுக்க ஒரு நிமிஷம் போதும். இடத்தைப் பதிவதுதான் பெரும்பாடு. மரக்கூரைக்கு அடியில் ஜிபிஎஸ்ஸுக்குப் புத்தி பேதலித்துவிடும். முதலில் துல்லியம் 60 மீட்டர் என்றது, அப்புறம் 35, மறுபடி 50. தசமப்புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் சரியாக இருந்தால்தான் பத்துப் பதினோரு மீட்டருக்குள் வரும். போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி பாறைமுன் மண்டியிட்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போன ஒரு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, "இங்க என்ன சாமிங்க?" என்று கேட்டார்.

எட்டு மீட்டருக்கு வந்ததும், செடிகொடி, பூச்சிகளைப் பார்த்தவர்கள் படமும் இடமும் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றிவிட்டு, பாலில்லாமல் வீடு திரும்பினேன்.

நான் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள செடி என்றால், தோண்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பயந்து அதன் சரியான இடத்தை அங்கே மறைத்துவிடுவார்கள். 0.2 டிகிரிக்கு ஒரு கட்டம், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அதற்குள் குருட்டாம்போக்கில் எங்கேயோ ஒரு புள்ளி. என் புள்ளி மலையை விட்டு இறங்கி, பாக்குத்தோப்பெல்லாம் தாண்டி, சித்தப்பா வீட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது.

"இடத்தைக் குறிக்கத்தானே போனீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"ஆமா."

"அதை மறைச்சு வெச்சிருக்காங்களா?"

"ஆமா."

"அதுக்கு பாலையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்."

ராபர்ட் வைட் என்றொரு கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். 1853-இல் ஊர் திரும்பும்வரை நம் மலைச் செடிகளையெல்லாம் சேகரித்தவர். ரங்கய்யா, கோவிந்து என்று நம்மூர் ஓவியர்களை வைத்து வரைய வைத்தவர். அவர் உலர்த்திய செடிகள் பலவற்றில், கிடைத்த இடம் எது என்று பார்த்தால், 'இந்தியத் தீபகற்பம்' என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கும். தீபகற்பத்தில் எங்கே என்று போய்த் தேடுவது? இத்தனை செயற்கைக்கோள் விட்டு, அட்டைக்கு ரத்தமும் கொடுத்து, நான் அதைவிடக் கொஞ்சம்தான் முன்னேறியிருக்கிறேன்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "செரி செரி" என்றார். சித்தப்பா 'செரி'யை ரெண்டு தடவை சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

சாயங்காலம் தங்கச்சி போனிலிருந்து ஒரு படம் வந்தது. குடையும் கையுமாகப் பவானிக்கரை வரை போய் மத்தியானம் முழுக்கத் தேடியிருக்கிறார், எழுபத்து நாலு வயதில். ஒன்றும் அகப்படாமல் வீட்டுக்கு வந்தால், துவைக்கிற கல்லோரம் சித்தி எப்போதோ விதை தூவிவிட்ட காசித்தும்பை, ரோஸ் நிறத்தில். பக்கத்திலேயே குந்தி, அளவுக்குத் தன் கட்டைவிரலையும் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்.

கூடவே குரல்பதிவு. "கண்டுபிடிச்சுட்டேன் கண்ணு. காயத் தொட்டேன், பட்டுனு வெடிக்குது. அதேதான?"

சித்தி போய் மூன்று வருஷமாகிறது.

ஏற்றிவிட்டேன். 'வளர்க்கப்பட்டது' என்று குறித்தேன். இதற்கு இடத்தை யாரும் மறைக்கவில்லை. துல்லியம் நாலு மீட்டர்.